பின்புறம் திரும்பும்போது

திரும்பி நிற்கச் சொன்னார்கள். உடற்கட்டுப் போட்டி மேடையில் வரிசையாக இருந்த பெண்கள் எல்லாரும் கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றார்கள். இசக்கியம்மாள் கடைசி ஆள். மூச்சை அடக்கிக் கால்களை இறுக்கிக்கொண்டாள்.

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ, அந்தக் கடைசி அக்காவையும் திரும்பச் சொல்லுங்கப்பா."

"திரும்பித்தான்ல நிக்கா."

மண்டபமே சிரித்தது.

நடுவர்களில் வயதானவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. போட்டி முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார். "முன்னால எல்லாம் சரிம்மா. பின்னால ஒண்ணுமே இல்லை. அடுத்த வருஷம் கட்டிக்கிட்டு வா" என்றார். மாடியில் ஒரு அறை கட்டச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

இசக்கிக்கு முப்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. சிறுவயதிலிருந்தே ஒல்லி. பள்ளிக்கூடத்தில் அடிஸ்கேல் என்று கூப்பிட்டார்கள். செல்போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பழகி, அந்த உடம்போடு மேடை ஏறியதே பெரிது என்று பலர் சொன்னார்கள். அவளுக்கு அது போதவில்லை.

கடை மேலாளர் கணபதி அண்ணாச்சியிடம் போய்க் காலை ஷிப்டு கேட்டாள். சாயங்காலம் ஜிம்முக்குப் போக வேண்டும். பெண்களுக்கு அங்கே சாயங்கால நேரம்தான்.

அண்ணாச்சி யோசித்தார். "அடுத்த போட்டி வரைக்கும் தாரேன். கப்போட வந்தா காலை ஷிப்டுலயே இரு. முதலாளிகிட்ட நானே சொல்லுதேன். வெறுங்கையோட வந்தா பழையபடி ராத்திரி ஷிப்டு. அப்புறம் வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன் அண்ணாச்சி."

கடைத்தெருவில் ஒரு மாடியில் ஜிம் நடத்தும் ரோஸ்லின் அவளைவிட ஆறேழு வயது இளையவள். மாநில அளவில் பளு தூக்கியவள். இசக்கி அவளை மாஸ்டர் என்றாள். ரோஸ்லின் இவளை அக்கா என்றாள்.

"மாஸ்டர், எங்க குடும்பத்துலயே யாருக்கும் பின்பக்கம் கிடையாது. இந்த ஒல்லி உடம்புல அது வருமா?"

ரோஸ்லின் இரும்புக் கம்பியை எடுத்தாள். அதன் இரண்டு பக்கமும் எடைப் பிளேட்டுகளை மாட்டினாள். "தோள்ல வச்சு உக்காந்து எழுந்திரிங்க" என்றாள். இசக்கி செய்தாள். நன்றாகவே செய்ததாக நினைத்தாள்.

மறுநாள் ரோஸ்லின் கேட்டாள்: "எங்கக்கா வலிக்கு?"

"முன்தொடை. நல்லா வலிக்கு" என்றாள் இசக்கி பெருமையாக.

ரோஸ்லின் ஒரு ஜோடி பிளேட்டைக் கழற்றினாள்.

அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. "தொடையும் நடுமுதுகும் மாஸ்டர்." இன்னொரு ஜோடி போயிற்று. தினமும் ஒரு கேள்வி, தினமும் கம்பியில் ஒரு இறக்கம். மற்றப் பெண்கள் வாரம் தவறாமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் இசக்கியின் தோளில் வெறும் கம்பி மட்டும் இருந்தது.

கூடப் பயிற்சி செய்யும் சுபைதாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, நாளைக்குக் கம்பியையும் புடுங்கிருவாவ. வெளக்கமாத்த வச்சுக்கிட்டு நில்லுங்க. அப்படியே தரையையும் கூட்டிருங்க."

அன்று இரவெல்லாம் இசக்கிக்கு அந்தக் கேலியே காதில் இருந்தது. மறுநாள் "எங்க வலிக்கு?" என்று ரோஸ்லின் கேட்டபோது, சட்டென்று சொன்னாள்.

"பின்னாலதான் மாஸ்டர். ரெண்டு பக்கமும். தாங்க முடியல."

"நல்லது. உக்காருங்க."

மர பெஞ்சு பக்கத்திலேயே இருந்தது. இசக்கி பொத்தென்று உட்கார்ந்தாள்.

சுபைதா விழுந்து விழுந்து சிரித்தாள். பின்தசை நிஜமாகவே வேலை செய்து மறுநாள் வலிக்கிறவள் உட்காரும் விதமே வேறு. சுவரைப் பிடிப்பாள், முட்டியில் கை ஊன்றுவாள், பாதி வழியில் கண்ணை மூடுவாள். ஜிம்மில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். இசக்கிக்கு மட்டும் தெரியவில்லை, அவளுக்கு ஒரு நாளும் அங்கே வலித்ததில்லை.

ரோஸ்லின் சிரிக்கவில்லை. கம்பியை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள்.

"நாளைக்கு வரவேண்டாம்."

"மாஸ்டர், பொய் சொன்னது தப்புத்தான். மன்னிச்சிருங்க. போகச் சொல்லாதிய. எனக்கு இந்த ஒரு வருஷந்தான் இருக்கு."

"போகச் சொல்லல. உங்க கடை எப்பத் திறக்கும்?"

மறுநாள் ரோஸ்லின் கடைக்கு வந்தாள். சேலைப் பிரிவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடித்தட்டுல இருக்கிறதக் காட்டுங்க."

இசக்கி முட்டியை மடக்காமல், முதுகை வில்லாக வளைத்துக் குனிந்து எடுத்துப் போட்டாள்.

"பக்கத்துல இருக்கிறது."

குனிந்தாள்.

"அந்தப் பச்சை. அதுக்கும் கீழ."

மேசைமேல் சேலை மலையாகக் குவிந்தது. இசக்கிக்கு நடுமுதுகு கடுத்தது. கணபதி அண்ணாச்சி வந்து நின்றார்.

"கல்யாண ஜவுளியாம்மா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா பாக்கேன்."

அண்ணாச்சியின் முகம் போன போக்கைப் பார்த்து, இசக்கி அவசரமாகச் சேலைகளை வாரினாள். இரண்டு கையிலும் தாடை வரைக்கும் சேலை. ஸ்டாக் அறைக்கு ஸ்பிரிங் கதவு, தள்ளினால்தான் திறக்கும். அவள் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடுப்பைப் பின்னால் தள்ளி ஒரு இடி இடித்தாள். கதவு திறந்தது.

"நில்லுங்க" என்றாள் ரோஸ்லின். எழுந்தே விட்டாள். "இப்ப என்ன செஞ்சிய?"

"கதவத் திறந்தேன்."

"எதால?"

இசக்கிக்குக் காது சூடாயிற்று. அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார்.

"கை ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு மாஸ்டர்."

"அதக் கேக்கல. திரும்பவும் திறங்க."

திறந்தாள். ரோஸ்லின் அவள் இடுப்புக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்தாள். "இன்னொரு தடவை." விரலுக்கடியில் ஏதோ ஒன்று கெட்டியாகி இளகுவதை இசக்கியே உணர்ந்தாள்.

"எத்தனை வருஷமா இந்தக் கதவத் திறக்கிய?"

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து."

"சேலைய வச்சுட்டு வாங்க. அடித்தட்டுல இருக்கிற அந்த மஞ்சள எடுங்க. ஆனா பின்னால அந்தக் கதவு நிக்குன்னு நினைச்சுக்கிட்டு எடுங்க."

இசக்கி இடுப்பைப் பின்னால் கொண்டுபோனாள். முதுகு பலகையாக நின்றது. சேலையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முதுகு ஒன்றும் செய்யவில்லை. வேறு ஏதோ அவளைத் தூக்கி நிறுத்தியது. அப்படியே நின்றாள்.

"ஏம்மா, சேலை எடுக்கப் போறியளா இல்லியா?" என்றார் அண்ணாச்சி.

"எடுக்கேன் அண்ணாச்சி. அந்த மஞ்சளையே பில் போடுங்க" என்றாள் ரோஸ்லின்.

அன்று முழுக்க இசக்கி அடித்தட்டுச் சேலையாகவே காட்டினாள். மேல்தட்டைக் கேட்டவர்களுக்கும் அதைத்தான் முதலில் காட்டினாள்.

அடுத்த நாள் சாயங்காலம் ஜிம் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி வந்தாள். சுபைதா அவள் வரும் அழகைப் பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள், நகர்ந்து இடம் விட்டாள். ரோஸ்லின் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கொக்கியிலிருந்து கம்பியை எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு பிளேட்டுகள் திரும்பி வந்தன. குந்தி எழுவதோடு, பெஞ்சில் முதுகைச் சாய்த்து இடுப்பின்மேல் கம்பியை வைத்துத் தூக்குவதும் சேர்ந்தது. பாரம் ஏறியது. ஆனால் ஓர் இடத்தில் வந்து நின்றுபோயிற்று. வாரக்கணக்கில் அசையவில்லை.

"உடம்பு ஒத்துழைக்க மாட்டேங்கு மாஸ்டர்."

"ராத்திரி என்ன சாப்பிட்டிய?"

"ரெண்டு சப்பாத்தி. அதுக்கு மேல போனா வயிறு வச்சிருமோன்னு பயம்."

"செங்கல் எறக்காம கொத்தனாரத் திட்டுதிய."

அன்று இரவு இசக்கி சோறும் மீனும் முட்டையும் தின்றாள். பயந்துகொண்டேதான் தின்றாள். மறுநாள் காலையும் தின்றாள். அதோடு, வாரத்தில் ஏழு நாளும் வந்துகொண்டிருந்தவளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொன்னாள் ரோஸ்லின். வராத நாளில் என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, "தூங்குங்க" என்றாள். இசக்கிக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

கடையில் உடை மாற்றும் அறையில் ஆளுயரக் கண்ணாடி. ஆள் இல்லாத நேரமெல்லாம் கழுத்தைத் திருகிப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பின்னொரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கவனித்தாள். வழக்கமாக இடுப்பில் தழும்பு விழும் அளவுக்கு இறுக்கினால்தான் பாவாடை நிற்கும். அன்று லேசாகத்தான் முடிந்திருந்தாள். அது பாட்டுக்கு நின்றது. நாடாவைத் தளர்த்திப் பார்த்தாள். அப்போதும் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

போட்டி வந்தது. திரும்பி நிற்கச் சொன்னார்கள். இசக்கி திரும்பி, கால்களை ஊன்றி, இறுக்கினாள். பின்னாலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. யாரோ ஒருவர் விசிலடித்தார். யாருக்கு என்று தெரியவில்லை.

நான்காம் இடம். கப்பு மூன்று பேருக்குத்தான்.

போன வருட நடுவரே மேடையிலிருந்து இறங்கி வந்தார். "பின்பக்கம் இந்த வரிசையிலேயே நீதாம்மா. தோள்தான் பத்தல. அடுத்த வருஷம் கட்டிக்கிட்டு வா."

"சரி சார்" என்றாள் இசக்கி. அவளுக்கு அடுத்த வருடம் இல்லை.

கணபதி அண்ணாச்சி சொன்ன சொல்லில் நின்றார். ஷிப்டைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இசக்கி அழவில்லை.

மறுநாள் காலை ஜிம்முக்குப் போனாள். தன் ஷூவையும் துண்டையும் எடுத்துக்கொண்டு சொல்லிவிட்டு வரத்தான். உள்ளே ஆண்கள் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்றாள்.

ரோஸ்லின் பார்த்துவிட்டு வந்தாள். "என்னக்கா வெளியிலயே நிக்கிய?"

"ராத்திரி ஷிப்டு போட்டுட்டாவ மாஸ்டர். இனிமே வர முடியாது. வந்ததெல்லாம் அப்படியே போயிருமா?"

"தூக்கலன்னா போயிரும்."

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடைக்கு எப்பப் போகணும்?"

"மத்தியானம். ராத்திரி கடை சாத்துத வரைக்கும்."

"இப்ப?"

"இப்ப சும்மாதான் இருக்கேன். ஆனா இது ஆம்பளைக நேரம். நீங்கதானே போர்டு வச்சிருக்கிய."

ரோஸ்லின் கதவுப் பக்கம் திரும்பினாள். ஆணியிலிருந்து நேரம் எழுதிய போர்டைக் கழற்றினாள். பிளேட் அடுக்குக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டு வந்தாள்.

"போர்ட எடுத்துட்டா ஆச்சா மாஸ்டர்? அவங்க இங்கதான இருக்காவ? நான் கம்பியோட குனிஞ்சா பின்னால நின்னு பாப்பாவ."

"பாப்பாவ."

"இப்படிச் சொன்னா எப்படி?"

"கம்பியத் தூக்கும்போது நீங்க எங்க பாப்பிய?"

"நேரா. எதுத்த சுவத்த."

"அப்ப அவங்க எங்க பாக்காவன்னு யாரு பாக்கது?"

இசக்கி உள்ளே எதிர்ச் சுவரைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.