வேதகிரிக்கு ஒரு மண்டபம்

"அம்மா, என் வாயை அடைச்சுட்டாங்க" என்றார் தணிகாசலம்.

பூரணியம்மை பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"முதலமைச்சர்."

"எதை வெச்சு?"

"எங்க அப்பாவை வெச்சு."

கத்தி நின்றது.

தணிகாசலம் எதிர்க்கட்சித் தலைவர். அறுபதைத் தாண்டியவர். சட்டமன்றத்தில் அவர் எழுந்தால் அமைச்சர்கள் தண்ணீர் குடிப்பார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள்.

பூரணியம்மை அவரைவிட மிகவும் இளையவர். வழக்கறிஞராக இருந்தவர். ஒருநாள் கறுப்பு அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, ஆலைப் பகுதிக்கு வந்து தருமச்சாலை தொடங்கினார். பசி என்று வந்தவருக்குச் சோறு. பெயர் கேட்பதில்லை.

தணிகாசலம் முதன்முதலில் அங்கே போனது ஓட்டுக் கேட்க. நீளமாகப் பேசினார். முடிந்ததும் அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கையைக் கழுவிட்டு வாங்க. அப்புறம் கேக்கறேன்."

அன்றிலிருந்து அவர்தான் குரு. கட்சிக்காரர்களுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார் பூரணியம்மை.

தணிகாசலம் சொன்னார்.

பட்ஜெட் கூட்டம். ஒரு வாரமாக அவர் விடவில்லை. பால் விலை ஏறிவிட்டது. பஸ் கட்டணம் ஏறிவிட்டது. கரண்ட் பில்லைப் பிரித்துப் பார்க்கவே ஜனங்கள் பயப்படுகிறார்கள். அரசாங்கமோ பொன்விழா கொண்டாடுகிறது, ஊருக்கு ஊர் அலங்கார வளைவு கட்டுகிறது, மலர்க் கண்காட்சிக்கு விமானத்தில் பூ வரவழைக்கிறது. யார் வீட்டுப் பணம் என்று கேட்டார். ஆளும் தரப்பு கோப்புகளைப் புரட்டியது.

வெள்ளிக்கிழமை முதலமைச்சர் எழுந்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார்.

ஆலைத் தொழிலாளர்களின் தலைவர், தியாகச் செம்மல் வேதகிரியாருக்குத் தலைநகரின் நடுவே மணிமண்டபம். வெண்கலச் சிலை. திங்கட்கிழமை அதற்கான நிதிக்கு வாக்கெடுப்பு.

"எதிர்க்கட்சித் தலைவர் அவர்கள் இதையும் வீண்செலவு என்பாரா?"

அவையே மேசையைத் தட்டியது. தணிகாசலத்தின் கட்சிக்காரர்களும் தட்டினார்கள். வேதகிரி அவருடைய தந்தை.

"நான் உக்காந்துட்டேன், அம்மா. பேச்சே வரல. எதிர்த்தா பெத்த அப்பனுக்கே மரியாதை வேண்டாம்னு சொன்ன பிள்ளை ஆயிடுவேன். ஆதரிச்சா, நாளைக்குப் பால் விலையைப் பத்தி எந்த வாயால பேசுறது?"

பூரணியம்மை பரங்கிக்காயை அண்டாவில் போட்டார்.

"சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு. பரிமாற ஆள் குறையுது. கரண்டியைப் பிடிங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்..."

"சாதம் ஆறிடும்."

தணிகாசலம் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. முன்பெல்லாம் இங்கே வருகிறவர்கள் வீடு வாசல் இல்லாதவர்கள். இன்று தேய்த்த சட்டை போட்டவர்கள் நின்றார்கள். ஒருவர் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தட்டை நீட்டினார். ஆட்டோக்காரர் ஒருவர் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். ஒரு பெண் தட்டுக்குப் பதிலாக டிபன் கேரியரை நீட்டினாள்.

"வீட்டுல மூணு பேரு இருக்காங்க, சார்" என்றாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

தணிகாசலம் மூன்று அடுக்கையும் நிரப்பினார்.

இதையெல்லாம் அவர் சட்டமன்றத்தில் சொல்லியிருக்கிறார். குரலை உயர்த்திச் சொல்லியிருக்கிறார். இத்தனை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

அடுத்து வந்தவர் ஒரு கிழவர். தட்டை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வேதகிரி ஐயாவோட முகஜாடை அப்படியே இருக்கே!"

"நீங்க?"

"ராயப்பன். நூற்புப் பிரிவுல இருந்தேன். முதலாளிங்க ஆலையைப் பூட்டிக் கதவடைப்பு பண்ணினாங்களே, அப்ப உங்க ஐயா ஆலை வாசல்ல கஞ்சித் தொட்டி வெச்சாரு. வீடு வீடாப் போயி அரிசி கேட்டு வாங்கிட்டு வருவாரு. எங்க வீட்டுல அஞ்சு உசிரு அந்தக் கஞ்சியிலதான் பொழைச்சுது."

தணிகாசலம் சாதம் வைத்தார்.

"இப்ப ஏன் இங்க வந்து நிக்கிறீங்க, ஐயா?"

"பென்சன் வருது. மாத்திரைக்கே போயிடுது. சிலிண்டர் தீர்ந்துபோச்சு, வாங்கல." ராயப்பன் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. அவர் முகம் வேறொன்றுக்காக மலர்ந்தது. "டிவியில சொன்னாங்க. ஐயாவுக்கு மண்டபம் கட்டுறாங்களாமே! அழுதுட்டேன், தம்பி. தெறப்பு விழாவுக்குக் கட்டாயம் வருவேன். முன்னால நின்னு பாப்பேன்."

தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். வேகவேகமாகச் சாப்பிட்டார்.

வரிசை முடிந்தது. தணிகாசலம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பூரணியம்மையிடம் வந்தார்.

"பாத்தீங்களா அம்மா? பசியோட நிக்கிறவரே மண்டபம் வேணும்கிறாரு. நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"அவருக்கு உங்க அப்பாவை எப்படித் தெரியும்?"

"கஞ்சித் தொட்டியில பாத்திருக்காரு."

"மத்தவங்களுக்கு?"

"ஆலைப் பகுதியில எங்க அப்பாவைத் தெரியாதவங்க யாரும்மா இருக்காங்க? பச்சைப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்." சொல்லும்போதே தணிகாசலத்தின் தோள்கள் நிமிர்ந்தன.

"எப்படி?" என்றார் பூரணியம்மை. "மண்டபம்தான் இன்னும் கட்டலையே."

தணிகாசலம் குனிந்து, காலியான அண்டாவைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

வீட்டில் தங்கை குணவதி காத்திருந்தாள். மடியில் புதுப் பட்டுப்புடவை.

"திங்கக்கிழமைக்கு எடுத்தேன், அண்ணே. பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் வாங்கியாச்சு."

"குணா, நான் எதிர்த்துப் பேசப்போறேன்."

அவள் முதலில் நம்பவில்லை. அப்புறம் எழுந்து நின்றாள்.

"அப்பா செத்தப்ப பேப்பர்ல நாலு வரி போட்டாங்க. நாலே வரி! இப்பத்தான் ஒரு அரசாங்கம் அவர் பேரைச் சொல்லுது. நீ இத்தனை வருஷம் அரசியல்ல இருந்து அவருக்கு என்ன செஞ்சே? செய்யறவங்களையும் தடுப்பியா?"

அவள் கேட்டது உண்மைதான்.

"நீ வந்து கேளு" என்றார்.

"வருவேன். அப்பாவுக்காக வருவேன். உனக்காக இல்ல."

திங்கட்கிழமை அவை நிரம்பியிருந்தது. முதலமைச்சர் அதே சிரிப்போடு அமர்ந்திருந்தார். மேலே மாடத்தின் முதல் வரிசையில் பட்டுப்புடவையில் குணவதி.

தணிகாசலம் எழுந்தார். கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"பேரவைத் தலைவர் அவர்களே, சனிக்கிழமை நான் ஒரு தருமச்சாலையில் சோறு பரிமாறினேன். என் தந்தையோடு ஆலையில் வேலை பார்த்தவர் ஒருவர் தட்டை நீட்டினார். மணிமண்டபத் திறப்பு விழாவுக்கு வருவதாகச் சந்தோஷமாகச் சொன்னார். கட்டாயம் வருவார். சிலையைக் கும்பிடுவார். கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டுப் பந்தல் எந்தப் பக்கம் என்று நம் காவலர்களிடம் கேட்பார்."

ஆளும் தரப்பில் யாரோ கத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை.

"இந்த ஊரில் வேதகிரி என்ற பெயருக்கு வெண்கலம் தேவைப்படவில்லை. அந்தப் பெயரை ஜனங்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம் கண் முன்னால் தொழிலாளி மறுபடியும் வரிசையில் நிற்கிறான். அவன் வீட்டு அடுப்பு அணைந்துகிடக்கும்போது அவன் தலைவனுக்கு மாளிகை கட்டினால், அந்தத் தலைவனுக்கு அதைவிட அவமானம் இல்லை. முதலமைச்சர் அவர்கள் பால் விலையைக் குறைக்கட்டும். என் அப்பாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அமர்ந்தார். அவருடைய கட்சி வரிசையிலேயே யாரும் மேசையைத் தட்டவில்லை.

முதலமைச்சர் எழுந்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"பெற்ற தந்தையின் பெருமையையே தாங்கிக்கொள்ள முடியாத பிள்ளையை இந்த அவை இன்று பார்க்கிறது. குரல் வாக்கெடுப்பு வேண்டாம், பேரவைத் தலைவர் அவர்களே. எதிர்ப்பவர்கள் எழுந்து, பெயர் சொல்லி எதிர்க்கட்டும். நாடு கேட்கட்டும்."

பேரவைத் தலைவர் ஒப்புக்கொண்டார்.

"தீர்மானத்தை எதிர்ப்பவர்கள்?"

தணிகாசலம் எழுந்தார். இடமும் வலமும் பார்த்தார். அவருடைய ஆட்கள் குனிந்து கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தேர்தல் அவர்கள் கண்ணில் நின்றது.

"உறுப்பினர் பெயர்?" என்றார் பேரவைச் செயலாளர்.

தணிகாசலம் ஒலிவாங்கியை நிமிர்த்தினார்.

"தணிகாசலம். வேதகிரியின் மகன்."

பார்வையாளர் மாடத்தில் கைதட்டக் கூடாது என்பது விதி.

குணவதி தட்டினாள்.