சாந்தி பிடியரிசிக்குப் போன கதை

"இந்த நாயோட இனிமே என்னால போக முடியாது" என்றாள் செங்கொடி.

குடில் வாசலில் நின்றாள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. தோளில் கிழிந்த அரிசிப் பை. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் சாந்தி.

சாந்தி என்பது நாயின் பெயர். வைத்தவள் செங்கொடிதான். வைத்த அன்றைக்கு அது சங்கிலியில் அமைதியாக நின்றது.

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பெயர் உமையாள். ஊருக்கு அம்மை. அந்தக் குடிலுக்குக் குரு. செங்கொடி அவரைவிட வயதில் மூத்தவள். அதையும் ஒரு வாதமாகக் கைவசம் வைத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"தெரு நெடுக இழுத்துட்டுப் போச்சு. மார்கழிக் கோலம் அத்தனையும் அழிஞ்சுது. கறிக்கடைகிட்ட பணியாரக் கடை பேச்சிக்கனி மேல மோதினோம். அந்தக்கா விழுந்து மணிக்கட்டு பிசகிப் போச்சு. மாவுச்சட்டி உடைஞ்சுது. பை கிழிஞ்சு அரிசி பூரா ரோட்டுல."

"சாந்திக்கு?"

"அதுக்கென்ன? அதுக்கு ஒரு கோழிக்கால் கிடைச்சுது."

அம்மை சிரிக்கவில்லை. கீரை உருவுவதையும் நிறுத்தவில்லை.

அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் பிடியரிசிக்குப் போக வேண்டும். நாயும் சாப்பிட்டது. ஆகவே நாயும் போனது.

பிடியரிசிக்கும் ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளக்கும்போது வீட்டுக்காரி குடிலுக்கென்று ஒரு பிடி அள்ளித் தனியே வைப்பாள். வாசலில் வந்து நின்றால் அது பைக்கு வரும். உலை கொதிக்கும்வரை யாரும் வராவிட்டால் அந்தப் பிடியும் உலைக்குள் போய்விடும்.

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

செங்கொடியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"தை பொறக்குறதுக்குள்ள நாய் ஒழுங்கா நடந்து தெருவைத் தாண்டணுமாம். இல்லேன்னா ராசாங்கம் வந்து கூட்டிட்டுப் போயிடுவாராம். சூளைக்குக் காவல் வேணுமாம். பழைய சங்கிலி அப்படியே இருக்காம்."

ராசாங்கம் செங்கல் சூளை முதலாளி. கோடையில் செங்கொடி அந்தப் பக்கம் போனபோது நாய் வெயிலில், படுக்கவும் நீளம் போதாத சங்கிலியில் நின்றுகொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றி ரோமம் போய்ச் சதை தெரிந்தது. அவள் காலையில் ஆரம்பித்த வாதத்தை ராசாங்கம் சாப்பாட்டு வேளைவரை தாங்கினார். பிறகு, "எடுத்துட்டுப் போ தாயி, என்னை விடு" என்று அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்.

"சரி. யார் இழுக்குறாங்க?" என்று கேட்டார் அம்மை.

"இது என்ன கேள்வி? நாய்தான்."

"நாய் இழுத்தா நீ என்ன செய்வே?"

"நானும் இழுப்பேன். கத்துவேன். அப்புறம் பின்னாடியே ஓடுவேன்."

"ஓடி?"

"கறிக்கடைக்குப் போய்ச் சேருவோம்."

"இழுத்தா கறிக்கடை வருது. அது சரியாத்தானே கத்துக்கிட்டிருக்கு."

செங்கொடிக்குச் சுள்ளென்று வந்தது.

"அப்போ தப்பு என் மேலயா? ஊரே பார்த்துக்கிட்டு சும்மா போன சங்கிலியை அவுத்தவ நான். அதுக்கு விடுதலை குடுத்தவ நான்!"

அம்மை அவள் கையைப் பார்த்தார்.

கயிறு உள்ளங்கையை இறுக்கச் சுற்றியிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

செங்கொடியும் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நாளைக்கும் போ" என்றார் அம்மை. "அது இழுத்தா மட்டும் போகாதே."

"போகாம எப்படிப் போறது?"

அம்மை கீரை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வாசலைத் தாண்டுமுன்பே கயிறு விறைத்தது.

செங்கொடி நின்றாள். நின்று பேசினாள்.

"இங்க பாரு சாந்தி. உனக்கு நான் கெடுதல் நினைக்கிறவளா? கறி வேணும்னு நீ நினைக்கிறது நியாயம்தான். ஆனா அந்தக்கா கை பிசகினது யாரால? ஒரு நிமிஷம் யோசிச்சுப் பார்த்தா..."

"அதுக்குத் தமிழ் தெரியுமா?" உள்ளேயிருந்து அம்மையின் குரல்.

"தெரியாது."

"அப்போ யார்கிட்டப் பேசுறே?"

செங்கொடி வாயை மூடினாள். பாதங்களை அகட்டி ஊன்றினாள்.

சாந்தி முன்னால் பாய்ந்தது. பட்டை கழுத்தை அழுத்த, இருமியது. மண்ணைப் பிராண்டியது. வலப்பக்கம் இழுத்தது, இடப்பக்கம் இழுத்தது. மரத்தில் கட்டினால் மரம் எப்படி நிற்குமோ அப்படி நின்றாள். என்ன, மரத்துக்கு உள்ளுக்குள் இவ்வளவு கோபம் இருக்காது.

வெகுநேரம் கழித்து நாய் திரும்பிப் பார்த்தது. இவளுக்கு என்ன வந்தது என்பதுபோல் ஓரடி அவள் பக்கம் வந்தது.

கயிறு தொய்ந்தது.

செங்கொடி ஓரடி வைத்தாள்.

நாய் இழுத்தது. நின்றாள்.

அன்றைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் வாசலுக்கு எதிரே இருந்த புளியமரம். அதற்குள் ஊரில் எல்லா உலையும் கொதித்துவிட்டது.

மாலையில் கஞ்சி. குனிந்தால் முகம் தெரிகிற கஞ்சி.

"இது வேலைக்கு ஆகாது" என்று ஆரம்பித்தாள் செங்கொடி. அம்மை அகப்பையில் கஞ்சியை மொண்டார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிடுறீங்க. வெயில்ல நிக்கிறது நான். பட்டினி கிடக்கிறது ரெண்டு பேர். பேச்சிக்கனிக்கு நான் என்ன பதில் சொல்றது?" குரல் ஏறியது.

அகப்பை பாதி வழியில் நின்றது.

அவள் நிறுத்தினாள். அகப்பை நகர்ந்தது.

"நான் கேக்குறது நியாயமான கேள்வி!"

அகப்பை நின்றது.

செங்கொடி அகப்பையைப் பார்த்தாள். அம்மையைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"என்னையும் நாய் மாதிரி பழக்குறீங்களா?" என்று கத்தினாள்.

அகப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

வயிறு முதலில் தோற்றது.

"கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க" என்றாள், மெதுவாக.

அம்மை ஊற்றினார்.

மார்கழி நகர்ந்தது. புளியமரத்தைத் தாண்டினார்கள். தெருவின் தொடக்கம் வந்தது. ஒரு காலையில் ஒரு பிடி அரிசி கிடைத்தது. இன்னொரு காலையில் நாலைந்து வாசல். கோலங்களின் ஓரமாக, பூசணிப்பூவை முகர்ந்துகொண்டு சாந்தி நடந்தபோது செங்கொடிக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அடக்கிக்கொண்டாள். அழுதால் கை தளரும், தளர்ந்தால் நாய் ஓடும்.

கறிக்கடையைத்தான் தாண்ட முடியவில்லை.

அதற்கு எதிரே பேச்சிக்கனி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கட்டு. மறுகையால் பணியாரம் திருப்பினாள். கயிறு விறைத்து, செங்கொடி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன தாயி, இங்க சிலை வைக்கப் போறாங்களா? மாலை வாங்கியாரட்டுமா?"

"நாய் நடக்கப் பழகுது அக்கா."

"நாயா, நீயா? நான் மூணு பிள்ளைக்கு நடை பழக்கினவ. ரெண்டு போடு போட்டா நடக்காதா?"

"உங்க மணிக்கட்டை அடிச்சா சரி பண்ணினாங்க?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் கயிற்றைத் தன் பக்கம் வெட்டி இழுத்திருந்தாள். அவளுக்கே தெரியவில்லை. நாய் மறுபக்கம் பாய்ந்தது. பணியாரக்கல் ஆடியது.

"வாய் பேசினா கையும் பேசுதே!" என்று பேச்சிக்கனி கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

செங்கொடியிடம் அருமையான பதில் ஒன்று இருந்தது. அதை விழுங்கிவிட்டு நின்றாள்.

ஒருநாள் தூறல் போட்டது. அன்றைக்குக் கறிக்கடைக்காரர் ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தார். நனைகிற அவசரத்தில் செங்கொடி இரண்டெட்டு நாய் இழுத்த பக்கமே போனாள். இரண்டெட்டுதான்.

மறுநாள் சாந்தி குடில் வாசலிலிருந்தே இழுத்தது. பழக ஆரம்பித்த அன்றைக்கு இழுத்ததைப் போல.

"ஒரே ஒரு தடவைதான் விட்டேன்" என்றாள் அம்மையிடம்.

"ஆமா."

"இத்தனை நாள் நின்னேனே, அதெல்லாம் கணக்கில்லையா?"

"நீ ஏன் என்கிட்டக் கேக்குறே? அதுகிட்டக் கேளு."

சாந்தி கயிற்றின் எல்லைவரை போய், கறிக்கடைத் திசையில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கேட்க ஒன்றும் இல்லை.

செங்கொடி மறுபடியும் வாசலிலிருந்து ஆரம்பித்தாள்.

அம்மையின் கன்னம் ஒட்டிப்போனது. செங்கொடி அதைப் பார்த்தாள். தன் பங்குக் கஞ்சியைப் பாதி அவர் வட்டிலில் ஊற்றினாள். அம்மை அதைச் சாந்தியின் சட்டியில் ஊற்றினார்.

போகியன்று விடிந்ததும் குடிலுக்கு வெளியே குட்டியானை என்று சொல்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது.

ராசாங்கம் இறங்கினார். கையில் சங்கிலி.

சாந்தி அந்தச் சத்தத்தைக் கேட்டதும் செங்கொடியின் கால்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

"நாளைக்கு நல்ல நாள்" என்றார் ராசாங்கம். "நல்ல நாளும் அதுவுமா சங்கிலியைத் தொட வேணாம்னு இன்னைக்கே வந்தேன். நாய் இன்னும் கறிக்கடையைத் தாண்டலையாமே?"

"இன்னைக்குத் தாண்டும்" என்றாள் செங்கொடி. பையைத் தோளில் மாட்டியிருந்தாள். "பொழுது இருக்கு."

"நேத்தும் இதைத்தானே சொல்லியிருப்பே? பணியாரக் கடைக்காரம்மா சொல்லுது, அங்க வந்தா நீ நட்ட கம்பம் மாதிரி நிக்கிறியாம். கெடு முடிஞ்சுது தாயி."

செங்கொடி மூச்சை இழுத்தாள். வாதங்கள் வரிசையாக எழுந்து நின்றன. இன்றைக்கும் சாப்பாட்டு வேளைவரை போகும். போகட்டும்.

"குடுத்துடு, செங்கொடி" என்றார் அம்மை.

அவள் திரும்பினாள்.

"என்ன?"

"குடுத்துடு. தெரு பொறுத்துது. நானும் பொறுத்தேன். உலை வைக்க அரிசி இல்லை. ஊர்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. வா, வண்டியில ஏத்திவிடு."

சொல்லிவிட்டு அம்மை வெளிவாசலைப் பார்த்து நடந்தார்.

அம்மை எப்போதும் அப்படித்தான். ஒன்றைச் சொல்லிவிட்டு முன்னால் நடப்பார். செங்கொடி பின்னாலேயே வாதாடிக்கொண்டு போவாள். அது எப்படி, இது என்ன நியாயம், நான் ஒப்புக்க மாட்டேன், என்று கத்திக்கொண்டே போவாள். வாதத்தில் பல நாள் அவள்தான் ஜெயித்தாள். ஆனால் இருவரும் போய்ச் சேர்ந்தது, குடிலுக்கு வந்த நாள்முதல், அம்மை போக நினைத்த இடத்துக்குத்தான்.

செங்கொடி இழுத்த மூச்சை விட்டாள்.

வாயை மூடினாள்.

பாதங்களை ஊன்றினாள்.

"வா" என்றார் அம்மை, திரும்பாமலே.

அவள் போகவில்லை.

"என்னம்மா, காது கேக்கலையா?" என்றார் ராசாங்கம். "அன்னைக்கு அந்தப் பேச்சு பேசினே. இன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. அம்மையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்தது. துடைக்கவில்லை. கோபம் உள்ளங்காலில் இறங்கி மண்ணுக்குள் போனது.

அம்மை வெளிவாசல்வரை போய் நின்றார்.

"சரி. உன் வாதத்தைச் சொல்லு" என்றார். "கேக்குறேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை.

சாந்தியின் கழுத்தில் உதிர்ந்துபோன ரோமம், வெயில், ஊரின் மௌனம், இன்னும் ஒரே ஒரு கடைதான் பாக்கி என்ற கணக்கு, எல்லாம் செங்கொடியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கயிறு கையில் தொங்கியது. சுற்றவில்லை, இறுக்கவில்லை.

"நான் வேணா இழுத்துட்டுப் போகட்டுமா?" என்றார் ராசாங்கம், பொறுமை போய்.

அம்மை கையை உயர்த்தினார். ராசாங்கம் நின்றார்.

ஊருக்குள்ளிருந்து போகிப் புகை வந்து முற்றத்தில் படிந்தது. யாரோ பழைய பாயைக் கொளுத்துகிறார்கள். சங்கிலி ராசாங்கத்தின் கையில் ஒருமுறை கிலுங்கி அடங்கியது. வெயில் வண்டியின் முகப்பில் ஏறியது. செங்கொடி நின்றாள்.

அம்மை மெல்லத் திரும்பினார்.

அவளைப் பார்த்தார். அவள் பாதங்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றார் ராசாங்கத்திடம்.

"அப்போ ஊருக்கு என்ன பதில்?"

"நானே தெருவுக்கு வந்து சொல்றேன்."

"இது நல்லாயில்லை அம்மை."

"தெரியும்."

வண்டி புகையைக் கக்கிவிட்டுப் போனது.

அம்மை முற்றத்தைக் கடந்து திரும்பி நடந்து வந்தார். செங்கொடியின் பக்கத்தில், தோளுக்குத் தோள் நிற்கும்படி வந்து நின்றார்.

செங்கொடி தெருவைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள்.