ராஜாளியின் வெண்திரை

முன்னொரு காலத்தில் மருதவேலிச் சீமையை மானபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் போர்த்திய சால்வையை மாலையில் பிடுங்கிக்கொள்கிற சுபாவம். அவர் உயிராய் நினைத்த ஒரு வேட்டை ராஜாளி இருந்தது. அதைப் பழக்கியவன் சாத்தையன்.

வேட்டைக்குப் போனால் ராஜா சாத்தையனோடுதான் பேசுவார். சேந்தமல்லர் என்ற பிரபுவுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் சபையில் ராஜாவின் காதைக் கடித்தார்.

"மகாராஜா, ராஜாளி கண்ணில் வெள்ளைப் படலம் ஓடுகிறது. இவன் ஏதோ பச்சிலைச் சாறு விட்டுக் குருடாக்குகிறான்."

சாத்தையன் கையில் இருந்த ராஜாளியை ராஜா குனிந்து பார்த்தார். கண்ணின் அலகுப் பக்க ஓரத்திலிருந்து ஒரு வெண்திரை புறப்பட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு மறைந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதற்கு என்ன தண்டனை?"

"பறவையின் கண்ணைக் கெடுத்தவன் கண்ணைப் பிடுங்க வேண்டும்" என்றார் சேந்தமல்லர்.

அந்தத் திரை இயற்கையானது என்று சாத்தையனுக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் மயில் அகவியது.

"தண்டனையை ஏற்கிறேன், மகாராஜா. தீர்ப்பு எல்லாருக்கும் ஒன்றுதானே? ராணியம்மாவின் மயிலையும் ஒருமுறை பாருங்கள். அதை நான் தொட்டதே இல்லை."

மயிலைக் கொண்டுவந்தார்கள். சாத்தையன் எட்ட நின்று விசிறியால் மெல்ல வீசினான். அதன் கண்ணிலும் அதே வெண்திரை ஓடியது.

"இந்த மயிலை ராணிக்குக் கொடுத்தது யார்?" என்றார் ராஜா.

சபை முழுவதும் சேந்தமல்லரைப் பார்த்தது.

"நான்தான்... ஆனால் அது பிறவியிலேயே இருந்திருக்கும், மகாராஜா."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றான் சாத்தையன். "பறவைக்கு மேலிமை, கீழிமை போக மூன்றாவதாக ஓர் இமை உண்டு. கண்ணில் விழும் தூசியைத் துடைத்து ஈரமாக வைத்திருக்கும். ராஜாளியைப் பறக்க விட்டுப் பாருங்கள்."

தொலைவில் ஒரு மேட்டில் நின்று காவலன் இறைச்சித் துண்டை ஆட்டினான். உப்பரிகையில் ஏறி நின்று பார்த்த ஒருவர் கண்ணுக்கும் துண்டு தெரியவில்லை. ராஜாளி நேரே போய்க் கவ்வியது.

ராஜா திரும்பினார். "சேந்தமல்லரே, கண்ணைப் பிடுங்கச் சொன்னது நீர்தானே?"

சாத்தையன் குறுக்கிட்டான். "வேண்டாம், மகாராஜா. கண் போவது என்றால் என்னவென்று இந்த ஒரு நாழிகை நான் பட்டது போதும்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சேந்தமல்லருக்கு ஒரு மாதம் மயில் கொட்டகையைப் பெருக்கும் வேலை.

சாத்தையன் வீட்டுக்குப் போனான். மாலையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, பெண்டாட்டி பிள்ளைகளின் முகத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தான்.