டிரைவர் ஒப்புக்கொண்ட போதை

பொள்ளாச்சித் தேங்காய் மண்டி முதலாளி தெய்வநாயகம், குடித்துவிட்டுக் காரை ஓட்டிப்போய் ஒரு கடைச் சுவரில் மோதினார். போலீஸ் வருவதற்குள் நழுவிவிட்டார். வழக்கு வந்ததும் டிரைவர் செல்லமுத்துவைக் கூப்பிட்டார்.

"'நான்தான் ஓட்டினேன்'னு கோர்ட்டில் சொல்லிடு. இல்லேன்னா இங்கே உனக்கு வேலை கிடையாது."

லைசென்ஸ் போனால் செல்லமுத்துவுக்குப் பிழைப்பே போய்விடும். ஆனாலும், "சரிங்க முதலாளி" என்றான்.

கோர்ட்டில் கூண்டேறிக் கும்பிட்டான். "நான்தானுங்கய்யா ஓட்டினேன். நல்ல போதை. முடியாதுன்னுதான் சொன்னேன். பக்கத்தில் இருந்த முதலாளிதான், 'பரவாயில்லை, ஓட்டுடா'ன்னார்."

நீதிபதி நிமிர்ந்தார். "போதையில் இருப்பவனை ஓட்டச் சொன்னவருக்கும் அதே தண்டனைதான்."

தெய்வநாயகம் துள்ளி எழுந்தார். "பொய்ங்கய்யா! இவன் காரிலேயே இல்லை! நான் மட்டும்தான் இருந்தேன்!"

கோர்ட்டே சிரித்தது. முதலாளிக்கு அபராதம் விழுந்தது, லைசென்ஸும் முடங்கியது. செல்லமுத்து அந்த வாரமே ஒரு பள்ளி வேனில் வேலைக்குச் சேர்ந்தான். காரோட்ட ஆள் கிடைக்காத தெய்வநாயகம் மண்டிக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தார்.