பத்துக் குதிரையும் ஒரு முதலாளியும்

பழவேற்காடு ஏரிக்கரையில் விடுதி நடத்துகிற நான் பட்ட அவமானத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

படகு கயிற்றால் இழுக்க, காலில் பலகை மாட்டித் தண்ணீர்மேல் வழுக்கிப் போகும் நீர்ச்சறுக்கு விளையாட்டை விருந்தாளிகளுக்கு வைக்கலாமென்று, என் கனத்த படகுக்குப் பத்துக் குதிரைசக்தி மோட்டார் வாங்கினேன்.

“அம்பது குதிரையாவது வேணுங்கய்யா,” என்றான் படகோட்டி தேசப்பன்.

“கல்யாண ஊர்வலத்துல ஒரே குதிரை மாப்பிள்ளையையும் சாரட்டையும் சேர்த்து இழுக்குது. பத்துக் குதிரை ஒரு ஆளை இழுக்காதா? நாளைக்கு இழுத்துக் காட்டு. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்லை!” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“சரிங்கய்யா. புது மோட்டாருக்கு முதல் சவாரி முதலாளிதானே போகணும்?” என்றான் பணிவாக.

மறுநாள் விருந்தாளிகள் கைதட்ட, காலில் பலகைகளை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தேன். மோட்டார் கதறியது. நான் எழும்பவே இல்லை. பலகைகள் கழன்று மிதந்தன. வீம்புக்குக் கயிற்றை விடாமல், இடுப்பளவுத் தண்ணீரில் படகின் பின்னால் நடந்தேன். கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை முந்திப் போனாள். போகிறபோக்கில், “படகு ரிப்பேருங்களா? தள்ளணுமா?” என்று கேட்டாள்.

“பத்துக் குதிரையும் எங்கேடா போச்சு?” என்று தேசப்பனிடம் அலறினேன்.

“பத்தும் படகைத்தான் இழுக்குதுங்கய்யா. உங்களுக்குன்னு ஒண்ணுகூட மிச்சமில்லை.”

கரையே சிரித்தது.

இப்போது ஐம்பது மாட்டியாச்சு. ஆனாலும் அந்தப் பெண் மீன் சந்தையில் என்னைக் கண்டால், “தள்ளணுமா?” என்றுதான் கேட்கிறாள்.