தொப்பைக்காரரும் தேர்க் கட்டையும்

ஒரு ஊர்ல ஒரு தொப்பை இருந்துச்சாம். அந்தத் தொப்பைக்குப் பின்னாடி ஒரு ஆளு இருந்தாராம். அவரு பேரு சொரிமுத்து. சிரிக்காம "ம்" கொட்டு, அப்போதான் கதை நகரும்.

ம்.

அந்த ஊர்ல பெரிய தேர் ஒன்னு. ஊரே சேர்ந்து வடம் பிடிச்சு இழுத்தாத்தான் நகரும். நகர்ந்துட்டா சும்மா நிக்குமா? கடகட கடகடன்னு ஓடும். அப்போ சக்கரத்துக்கு முன்னாடி ஒருத்தர் குனிஞ்சு, ஒரு மரக்கட்டையைச் சரக்குன்னு தள்ளிட்டு வெளியே தாவணும். அதுக்குப் பேரு முட்டுக்கட்டை. அந்த வேலைதான் நம்ம சொரிமுத்துவுக்கு. அந்த ஊர்ல அவரை மாதிரி கட்டை போட ஆளே கிடையாது.

அப்புறம் என்னாச்சு? ஒரு வருஷத் தேரோட்டத்துல, வாகையடி முக்குல தேரு திரும்பும்போது குனிஞ்சாரா, தொப்பை குறுக்கே வந்துடுச்சு. கட்டையைப் போட்டாரு, ஆனா எந்திரிக்க முடியல. தேரு கிர்ர்ரீச்னு வந்து, அவரு தோள்ல கிடந்த துண்டை லபக்குன்னு முழுங்கிடுச்சு. துண்டு போச்சு. ஆளு பொழைச்சாரு.

பொண்டாட்டி முப்பிடாதி அன்னைக்கே சொல்லிட்டா. "இந்தா பாருங்க, குனிஞ்சு எந்திரிக்க முடிஞ்சா வர்ற ஆனித் தேருக்குக் கட்டையைத் தொடுங்க. இல்லைன்னா வாசல்ல நின்னு கும்பிட்டுக்கோங்க."

அவ தம்பி வண்டிமலை வேற, "அத்தான், கட்டை எதுக்கு? நீங்களே சக்கரத்துக்கு முன்னாடி படுத்துக்கோங்க. தேரு தானா நின்னுடும்"னான்.

சொரிமுத்து சிரிச்சாரு. ஆனா அன்னைக்குத் தூக்கம் வரல. கட்டை போடாத ஆனி அவருக்கு ஆனியே இல்லை.

ம்.

அப்போ அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. பேரு ஹெப்சிபா. எதைச் சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும்னு சொல்ற வேலை. ஊர்ல எல்லாரும் சாப்பாட்டு மேடம்னு கூப்பிடுவாங்க. ரொம்பக் கூச்சம். நிமிர்ந்துகூடப் பார்க்காது. மேசையைப் பார்த்துதான் பேசும். சொரிமுத்து அதுகிட்டப் போயி, தொப்பை குறையணும்னாரு.

"காலையில கேப்பைக் கூழும் மோரும் குடிங்க ஐயா."

"அவ்வளவுதானே மேடம்!"

வீட்டுக்கு வந்தாரு. மறுநாள் ஒரு செம்புக் கூழை மடக் மடக்னு குடிச்சாரு. குடிச்சிட்டு, "முப்பிடாதி, இட்லி எங்கே?"ன்னாரு. பின்னே? கூழு மருந்து, இட்லி சாப்பாடு. மருந்தைக் குடிச்சிட்டு யாராச்சும் சாப்பிடாம இருப்பாங்களா?

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயி எடை மிஷின்ல ஏறினாரு. முள்ளு கிர்ர்ர்னு மேலே போச்சு!

ஹெப்சிபா நகத்தைக் கடிச்சுச்சு. "மதியம் தட்டுல பாதிக்குக் கீரையும் காயும் வைங்க ஐயா."

வச்சாரே! பாதித் தட்டுல முருங்கைக்கீரை, அவரைக்காய், பூசணிக்காய். மீதிப் பாதியில சோறு. எப்படிச் சோறு? பொதிகை மலை மாதிரிச் சோறு! அகலத்துக்குக் குறைஞ்சதை உயரத்துல ஏத்திட்டாரு. பத்தாததுக்கு, பிள்ளைங்க தட்டுல மிஞ்சினதையும் வழிச்சுப் போட்டுக்கிட்டாரு. சோத்தை வீணாக்கக் கூடாதாம்.

மிஷின்ல ஏறினாரு. முள்ளு கிர்ர்ர்ர்!

மூணாவது தடவை, "சாயந்தரம் பசிச்சா சுண்டலோ கொய்யாவோ சாப்பிடுங்க ஐயா"ன்னுச்சு. அவரு டீக்கடையில உளுந்த வடை ரெண்டைத் தின்னுட்டு, மேடம் சொன்னாங்களேன்னு சுண்டலையும் தின்னு, கொய்யாவையும் கடிச்சாரு. நறுக் நறுக்!

மிஷின்ல ஏறினாரு. கிர்ர்ர்ர்... டொக்! அதுக்கு மேல போக முள்ளுக்கு இடம் இல்லை.

தூங்கிட்டியா?

இல்ல சித்தி. ம்.

ஹெப்சிபாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சொரிமுத்துவுக்கும் கலங்கிடுச்சு. "நீங்க சொன்ன எதையும் நான் விடல மேடம். வர்ற ஆனித் தேருக்குக் கட்டை போடணும் மேடம்."

அப்போதான் அந்தப் பொண்ணு முதல் தடவையா நிமிர்ந்து பார்த்துச்சு. "கட்டை எப்படிப் போடுவீங்க ஐயா?"

அவ்வளவுதான்! அவரு மேசை மேல இருந்த பேனாவைக் கட்டையாக்கி, டப்பா மூடியைச் சக்கரமாக்கி, செஞ்சே காட்ட ஆரம்பிச்சுட்டாரு. "இப்படித் தள்ளணும். தேரு நின்னுச்சா? திரும்பக் கிளம்பணும்னா, பழைய கட்டையை உருவணும். உருவிட்டுத்தான் அடுத்தது. போட்டதை எடுக்காம மேல மேல போட்டா தேரு எப்படி மேடம் நகரும்? முக்குலயே நின்னு..."

பேசிட்டே இருந்தவரு நிறுத்திட்டாரு. பேனாவைப் பார்த்தாரு. தொப்பையைப் பார்த்தாரு.

"மேடம்... கூழு குடிச்சா இட்லிய எடுத்துடணுமா?"

"என்னது! இட்லியும் சாப்பிட்டீங்களா?"

"வடையும்தான்."

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் ஹெப்சிபா சொல்லுச்சு, "என் தப்பும்தான் ஐயா. எதைச் சேர்க்கணும்னு சொன்னேன். எதை எடுக்கணும்னு சொல்லலையே. பட்டினி வேண்டாம். மெதுவா மென்னு சாப்பிடுங்க. வயிறு போதும்னா கையைக் கழுவிடுங்க. சாயந்தரம் தேர் வீதியை ஒரு சுத்து நடங்க."

அன்னைக்கிலேர்ந்து கூழு வந்தா இட்லி போச்சு. காய் ஏறினா சோறு இறங்குச்சு. முப்பிடாதி உலையில அரிசியைக் குறைச்சுப் போட்டா. மிஞ்சுறதும் நின்னுச்சு. டீக்கடை வாசல்ல வடை வாசனை வரும்போதுதான் கஷ்டம். மூக்கைப் பொத்திக்கிட்டு விறுவிறுன்னு நடந்துடுவாரு.

பொங்கல் போச்சு, பங்குனி போச்சு, ஆனி வந்துச்சு. டும் டும் டும்! தேரு கிளம்பிடுச்சு. கடகட கடகட... அதே வாகையடி முக்கு. வாசல்ல நின்ன முப்பிடாதி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. சொரிமுத்து குனிஞ்சாரு. சரக்! கட்டை உள்ளே. தாவினாரு. ஆளு வெளியே. கிர்ர்ரீச்... தேரு நின்னுடுச்சு.

முப்பிடாதி கண்ணைத் திறந்து முதல்ல தோளைத்தான் பார்த்தா. புதுத் துண்டு தோள்லயே கிடந்துச்சு.

வண்டிமலை ஓடி வந்து, "அத்தான், தேரே உங்களைப் பார்த்துப் பயந்து நிக்குது"ன்னு சொல்லி ஒரு பெரிய லட்டை நீட்டினான். சொரிமுத்து வாங்கிட்டாரு. வாய் வரைக்கும் கொண்டு போயிட்டாரு. அப்புறம் கூட்டத்துல எட்டிப் பார்த்தாரு. அங்கே வடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஹெப்சிபா நின்னுச்சு.

"மேடம்! திங்கலாமா?"

ஊரே திரும்பிப் பார்த்துச்சு. அந்தக் கூச்சக்காரப் பொண்ணு, வடம் பிடிச்ச அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி கத்துச்சு.

"பாதி திங்கலாம் ஐயா! மீதி எங்களுக்கு!"

தேரு நிலைக்கு வந்துடுச்சு, கதையும் நிலைக்கு வந்துடுச்சு. இனி உன் ரெண்டு கண்ணுக்கும் கட்டையைப் போடு. சரக், சரக்... தூங்கு.