ஆலடி விலக்கில் நிற்காத பஸ்

அந்தக் கல்லூரி மாணவர் பத்திரிகைக்கு 'இடைவேளை' என்று பேர். மாதம் ஒருமுறை வரும், மொத்தமே நாலு பக்கம். அதைப் பார்த்துக்கொள்கிற ரெஜினா மேடம் தாவரவியல் நடத்துகிறவர், முப்பத்திரண்டு வயசு. அவரிடம் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. யாருடைய பேராவது பத்திரிகையில் வருகிறதென்றால், அச்சுக்குப் போகும் முன்னால் எழுதினவரே அந்த ஆளிடம் போய் முழுசையும் வாசித்துக் காட்ட வேண்டும். தாளைக் கையில் திணித்துவிட்டு ஓடிவந்தால் செல்லாது. எதிரே நின்று வாய்விட்டு வாசிக்க வேண்டும். இதற்குப் பயந்தே பாதிப் பேர் கவிதை எழுதப் போய்விட்டார்கள். கவிதையில் நிலாவைத் தவிர வேறு யார் பேரும் வராது பாருங்கள்!

இரண்டாம் வருஷம் படிக்கும் ஆவுடை கவிதைக்குப் போகவில்லை. தான் தினமும் வரும் கல்லூரி பஸ்ஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். இருமல் வந்த மாதிரி ஹாரன், மழை பெய்தால் மூடாத ஜன்னல், பழைய பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே ஓட்டும் டிரைவர் சுடலைமுத்து அண்ணன் என்று ஒரே சிரிப்பு. நடுவில் நாலே நாலு வரி மட்டும் சிரிப்பில்லாதது.

ஜூலை மாதத்தில் மூன்று நாள் பஸ், ஆலடிக்குப் பாதை பிரிகிற ஆலடி விலக்கு ஸ்டாப்பில் நிற்காமல் போனது. அங்கே ஏறுகிற ஒரே ஆள் செல்வக்கனி. மூன்றாம் நாள் அவள் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தும் பஸ் நிற்கவில்லை. அன்றைக்கு அவளால் இன்டர்னல் பரீட்சை எழுத முடியாமல் போயிற்று.

செல்வக்கனி துறைத்தலைவரிடம் அழுதுகூடப் பார்த்துவிட்டாள். "படிக்காம விட்டுட்டு எல்லாரும் பஸ் மேல பழி போடுதீங்க" என்று சொல்லி அவர் நம்பவில்லை. மறுபரீட்சை உண்டா இல்லையா என்று வருகிற திங்கட்கிழமை சொல்வதாக இருந்தார். பத்திரிகை சனிக்கிழமை வரும். ஆவுடை எழுதுகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அந்த நாலு வரியைத்தான் அந்தப் பெண் மலைபோல நம்பியிருந்தாள்.

"எழுதினது எல்லாம் உண்மைதானே மேடம்? நேரா அச்சுக்குக் குடுத்தா என்ன?" என்று கேட்டாள் ஆவுடை.

"உண்மையான்னு நான் கேக்கலியே. போய் வாசிச்சிட்டு வா."

கேன்டீனுக்குப் பின்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார் சுடலைமுத்து.

"அண்ணே, பத்திரிகைல உங்களப் பத்தி எழுதியிருக்கேன்."

"என்னப் பத்தியா? அட! வாசி தாயி, வாசி."

வாசித்தாள். ஹாரன் வந்த இடத்தில் தொடையில் தட்டிச் சிரித்தார். தலையாட்டும் இடத்தில் நிஜமாகவே ஒருதரம் தலையாட்டிக் காட்டினார். அடுத்தது அந்த நாலு வரி. ஆவுடையின் கண் தானாகவே அதைத் தாண்டி, அடுத்திருந்த ஜன்னல் வரிக்குப் போய்விட்டது.

முடிந்ததும் அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய் டீயும் பருப்புவடையும் வாங்கிக் கொடுத்தார். "அச்சானதும் எனக்கு ரெண்டு வேணும் தாயி. வீட்ல காட்டணும்" என்றார்.

ஆவுடை திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார் மேடம்.

"விழுந்து விழுந்து சிரிச்சாரு மேடம். வடை வாங்கிக் குடுத்தாரு."

"முழுசும் வாசிச்சியா?"

"நாலு வரி விட்டுட்டேன். பாவம் மேடம், நல்ல மனுசன். நான் ஏறும்போது பஸ்ல நிக்கவே இடமிருக்காது. அவருதான் இஞ்சின் பக்கத்துச் சீட்ல துண்டப் போட்டு எனக்கு இடம் பிடிச்சு வைப்பாரு. அவரு முகத்தப் பாத்து எப்படி வாசிக்க? அந்த நாலு வரி இல்லாட்டியும் நல்லாத்தான இருக்கு?"

திட்டு விழும் என்று அவள் எதிர்பார்த்தாள். மேடம் திட்டவில்லை. பென்சிலை எடுத்து நாலு வரிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அந்த இடத்துல ஒரு விடுகதை போட்டுக்கலாம்" என்றார். "சரி, அடுத்தது யாருகிட்ட வாசிக்கணும்?"

"செல்வக்கனிகிட்ட" என்று சொல்லிவிட்டு ஆவுடை தாளைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அவ பேரு இப்ப இதுல இல்லியே மேடம்."

"அப்ப அவகிட்ட போக வேண்டாம். உனக்கும் அலைச்சல் மிச்சம்."

ஆவுடைக்குப் பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. தாளைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

"என்ன தாயி, இன்னொரு வடையா?" என்றார் சுடலைமுத்து.

"அண்ணே, நாலு வரி வாசிக்காம விட்டுட்டேன்."

"அதுக்கென்ன, வாசி."

வாசித்தாள். ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நானும் பஸ்ல தானண்ணே இருந்தேன். அவ ஓடிவந்தத நானும் பாத்தேன். நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கும் வாய் வரல."

"காலேஜ் வந்து சேர எட்டு நாப்பதுக்கு மேல ஒரு நிமிசம் ஆனாலும் எனக்கு மெமோ. ஏற்கெனவே ரெண்டு வாங்கியாச்சு. மூணாவது வந்தா வேலையே இல்லன்னுட்டாங்க. ரயிலுக்குக் கேட்டப் போட்டுட்டா அந்த நேரத்த நான் எங்க போய்ப் பிடிக்க? இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"கேட்டியா?"

"கேக்கல."

ஆவுடை அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். அவர் சொன்ன மெமோவை எழுதினாள், ரயில்வே கேட்டை எழுதினாள். பஸ்ஸுக்குள் தான் இருந்ததையும், வாயைத் திறக்காததையும் எழுதினாள். நாலு வரி பன்னிரண்டு வரி ஆயிற்று. எழுந்து நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்தாள். ஹாரன் வந்தபோது இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"பொய் ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, "நாளைலருந்து துண்டு போட மாட்டேன் தாயி" என்றார்.

செல்வக்கனியை நூலக வாசலில் பிடித்தாள். தனக்கு நடந்ததை வாசிக்கக் கேட்டதும் அந்தப் பெண் கண் கலங்கினாள். மெமோ வந்த இடத்தில் முகம் இறுகியது.

"அவருக்காகவும் எழுதியிருக்கியே."

"ஆமா."

மிச்சத்தையும் வாசித்தாள் ஆவுடை.

"அன்னைக்கு நீ பஸ்ல இருந்தியா?"

"இருந்தேன்."

செல்வக்கனி "எழுதினது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு தேங்க்ஸ்கூட இல்லை.

ஆவுடை மறுபடி மேடத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு பேருமே முகங்குடுத்துப் பேசல மேடம்."

"எந்த வரியாவது பொய்னு சொன்னாங்களா?"

"இல்ல."

மேடம் பன்னிரண்டு வரியையும் நிதானமாகப் படித்தார். ஒன்றையும் திருத்தவில்லை. ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அச்சகத்துக்குப் போகும் உறையில் தாளை வைத்து ஒட்டினார்.

ஆவுடை போகாமல் நின்றாள்.

"என்ன?"

"நாளைக்குப் பஸ்ல எனக்கு உக்கார இடமில்ல மேடம்."

"படிப்பக்கம் நின்னுக்கிட்டு வா" என்றார் ரெஜினா மேடம். "ஸ்டாப்புல யாரு நிக்கான்னு அங்கருந்துதான் நல்லாத் தெரியும்."